பட்டிக்கு வெளியே: நாயின் இருப்பிடத்துக்கு உரிய சொற்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆண்டுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. அறம், ஊழ், நாடு என்று மேடைக்கு ஏற்ற சொற்கள் நிறைய இருக்க, 'கென்னல்' என்ற சொல்லை நான் எழுதி அனுப்பியதும் துறையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, தட்டச்சுப் பிழை இல்லையே என்று கேட்டார்கள். பிழை இல்லை. நாய் தங்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்தான். தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர், விற்பவர், மருத்துவம் பார்ப்பவர், மாநகராட்சியில் நாய் பிடிப்பவர் என எல்லோரும் இன்று இந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள். ஆனால் ஆளுக்கொரு பொருளில் புழங்குகிறார்கள். வளர்ப்பவருக்கு அது வீட்டு மூலையில் தகரம் வேய்ந்த சிறு கூடு. விற்பவருக்கு அது தொழிலின் பெயர், பெயர்ப்பலகையில் தன் பெயருக்குப் பின்னால் வருவது. ஊருக்குப் போகிறவருக்கு நாயை நான்கு நாள் விட்டுச் செல்லும் இடம். மாநகராட்சி ஊழியருக்குக் கம்பிக் கதவு போட்ட அறைகளின் வரிசை. இத்தனையும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் இன்றைய பேச்சு.

இலத்தீனில் நாய்க்குக் 'கானிஸ்' என்று பெயர். விலங்கின் பெயரோடு 'இலே' என்ற ஈற்றைச் சேர்த்தால் அது அடையும் இடத்தின் பெயராகிவிடும். ஆடு 'ஓவிஸ்' என்றால் ஆட்டுப்பட்டி 'ஓவிலே'. குதிரை 'எக்வுஸ்' என்றால் லாயம் 'எக்விலே'. வெள்ளாட்டுக்குக் 'கப்ரிலே', பன்றிக்குச் 'சுயிலே'. இந்த வாய்பாட்டில் நாய்க்குக் 'கானிலே' என்று வர வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மற்றவையெல்லாம் செவ்வியல் இலத்தீன் எழுத்தில் கிடைக்கின்றன. 'கானிலே' மட்டும் பேச்சு இலத்தீனில் இருந்திருக்க வேண்டும் என்று சொற்பிறப்பாளர்கள் மீட்டமைத்த வடிவம். உழவைப் பற்றியும் பண்ணையைப் பற்றியும் விரிவாக எழுதிய உரோமர்கள் பண்ணையின் காவல்நாயைப் பற்றியும் எழுதினார்கள். அதற்குத் தனி வீட்டுச்சொல் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழுக்கு வரும்போது உதவும்.

அந்தச் சொல் பிரெஞ்சு நிலத்தில் இரண்டாகப் பிரிந்தது. பாரிசுப் பக்கத்தில் முதலெழுத்து மெலிந்து 'ஷெனில்' ஆயிற்று. வடக்கே நார்மண்டியில் ககரம் ககரமாகவே நின்றது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது அவர்கள் பேச்சும் கூடவே கடல் கடந்தது. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'கெனெல்' என்ற வடிவம் நிலைபெற்றுவிட்டது. ஆக, ஆங்கிலத்தில் நாயைக் குறிக்கும் சொற்கள் ஆங்கிலேயருடையவை. நாயின் இருப்பிடத்தைக் குறிக்கும் சொல் அவர்களை வென்றவர்களுடையது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வென்றவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, காடுகளை அரசனுக்கு உரியவை என்று அறிவித்து, மான் வேட்டையைத் தங்கள் உரிமையாக்கிக்கொண்டது.

அந்தக் காட்டுச் சட்டத்தில் குடியானவனின் நாய்க்கும் ஒரு விதி இருந்தது. அரசனின் காட்டுக்குள் வசிப்பவன் நாய் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும். ஓடி மானைப் பிடிக்க முடியாதபடி ஆக்குவதுதான் நோக்கம். 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம் இந்தக் கொடுமையை ஒழிக்கவில்லை. வரம்பு மட்டும் கட்டியது. நகத்தை வெட்டலாம், பாதத்தின் சதையை வெட்டக்கூடாது. மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் சோதனை. வெட்டாத நாய்க்கு அபராதம் மூன்று ஷில்லிங். அந்தக் காலத்துக் குடியானவனுக்கு மூன்று ஷில்லிங் சிறிய தொகை அல்ல. இப்படி ஊர் நாய்கள் நொண்டியாக்கப்பட்டுத் தெருவில் கிடந்த நாட்டில்தான், பிரபுவின் நாய்களுக்குக் 'கெனெல்' என்ற கட்டடம் எழும்பியது.

அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சான்று உண்டு. பிரான்சின் தெற்கே ஃபுவா என்ற சிற்றரசை ஆண்ட காஸ்தோன் ஃபெபுஸ் 1387இல் வேட்டை பற்றி ஒரு பெருநூல் எழுதத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் யார்க் கோமகன் எட்வர்டு அதன் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து, தன் பங்குக்குச் சில இயல்களையும் சேர்த்து, 'வேட்டைத் தலைவன்' என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். 1415இல் அஜின்கோர் போரில் அவர் இறந்தார், நூல் நிலைத்தது.

அதில் நாய்களின் இருப்பிடத்துக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது. தரையிலிருந்து சற்று உயர்த்திய மரத்தளம் வேண்டும். மேலே பரண் இருந்தால் கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. முன்னே ஒரு கதவு, பின்னே ஒரு கதவு. பின்கதவைத் திறந்தால் நாள் முழுக்க வெயில் விழும் புல்வெளி. நாய்கள் விரும்பியபோது போகவும் வரவும் கதவு திறந்தே இருக்க வேண்டும். வைக்கோலை அன்றாடம் மாற்ற வேண்டும். மழையில் நனைந்து வரும் நாய்கள் குளிர்காய அடுப்பு வேண்டும். சிறுநீரும் கழுவிய நீரும் தேங்காமல் வெளியேற ஓரிரு வடிகால்கள் வேண்டும். இன்றைக்குக் கால்நடைத் துறையில் இப்படி ஒரு வரைபடம் கொடுத்தால் நிதி இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு விதி. நாய்களோடு இரவும் பகலும் ஒரு சிறுவன் இருக்க வேண்டும், அவை சண்டையிடாமல் பார்த்துக்கொள்ள. ஏழெட்டு வயதிலேயே வேலைக்குச் சேர்க்க வேண்டும் என்பது காஸ்தோனின் அறிவுரை. ஒவ்வொரு நாயின் பெயரும் நிறமும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படுக்கை? நாய்களோடுதான். ஆங்கில அகராதிகள் 'நாய்களின் வீடு' என்று பொருள் எழுதும்போது இந்தப் பையன் விடுபட்டுப் போகிறான். அந்த வைக்கோலில் படுத்திருந்த அத்தனை உயிர்களிலும் தன் விருப்பப்படி அங்கே இராதவன் அவன்தான் என்று நினைக்கிறேன். நாய்களாவது வேட்டையை விரும்பின.

இந்தப் பின்னணி தெரிந்தால், சொல்லின் பொருள் ஏன் கட்டடத்திலிருந்து கூட்டத்துக்கு நகர்ந்தது என்பது விளங்கும். ஒரு பிரபுவின் 'கென்னல்' என்றால் அவர் வைத்திருக்கும் வேட்டைநாய்த் திரள். கட்டடம் இடிந்தாலும் அது இருக்கும். நரியின் வளைக்கும் அதே பெயர் வந்தது. நரியை வளையிலிருந்து கிளப்புவதற்கு 'அன்கென்னல்' என்றொரு வினை பிறந்தது. ஷேக்ஸ்பியர் அதை ஹாம்லெட்டில், மறைத்து வைத்த குற்றம் வெளிப்படுவதற்கு எடுத்தாண்டிருக்கிறார்.

இங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் இன்னொரு 'கென்னல்' உண்டு. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. நாய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கால்வாயைக் குறிக்கும் 'கனாலிஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழியில் வந்தது. தெருச் சாக்கடை என்று பொருள். டிக்கன்ஸ் 1859இல் எழுதிய 'இரு நகரங்களின் கதை'யில் பாரிசின் ஏழைத்தெரு ஒன்றை வருணிக்கும்போது இந்தக் கென்னல் வருகிறது, தெருவின் நடுவே ஓடுகிறது. அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்க்கிறவர் நாய்க்கூட்டைத் தெருவில் ஓடவிட்டுவிடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டோடு சாக்கடைப் பொருள் ஏறக்குறைய வழக்கொழிந்தது. யார்க் கோமகன் சொன்ன வடிகாலில் மட்டும் இரண்டு கென்னல்களும் ஒரே கூரையின் கீழ் சந்தித்திருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தச் சொல்லுக்கு இரண்டு பெரிய திருப்பங்களைத் தந்தது. ஒன்று பெருமிதத்தின் பக்கம், மற்றது இரக்கத்தின் பக்கம்.

1859இல் நியூகாசிலில் இங்கிலாந்தின் முதல் முறையான நாய்க் கண்காட்சி நடந்தது. இரயில் வந்துவிட்டதால் நாயை வெகுதூரம் கொண்டுபோவது எளிதாயிற்று; கண்காட்சிகள் பெருகின; பித்தலாட்டமும் பெருகியது. ஒரே பெயரில் பல நாய்கள் பரிசு வாங்கின. எது எதன் குட்டி என்று யாருக்கும் தெரியவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் செவாலிஸ் ஷெர்லி இன்னும் பன்னிரண்டு பேரைக் கூட்டி 1873 ஏப்ரலில் இலண்டனில் 'கென்னல் கிளப்'பைத் தொடங்கினார். மறு ஆண்டே வம்சாவளிப் பதிவேடு வெளிவந்தது. 1884இல் அமெரிக்காவிலும் இதே பெயரில் ஒன்று. கவனியுங்கள், இவர்களில் யாரும் நாய்க்குக் கூரை போடுவதற்காகச் சங்கம் அமைக்கவில்லை. வேட்டைத்திரள் என்ற பழைய பொருள்தான் இங்கே வம்சம் என்று மாறுகிறது. வளர்ப்பவர் தனக்கு ஒரு 'கென்னல் பெயரை'ப் பதிந்துகொள்கிறார். அவரிடம் பிறக்கும் குட்டிகளின் பெயரோடு அது ஒட்டிக்கொள்ளும். நம்மில் பலர் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்வது போலத்தான். அந்த வம்சத்தில் பிறந்த நாய் ஐந்தாவது மாடி அடுக்ககத்தில் கட்டிலின் மேல் தூங்கினாலும் அது இன்ன கென்னலைச் சேர்ந்தது. வீட்டுக்கான சொல் வீட்டை விட்டே வெளியேறிவிட்டது.

இரண்டாவது திருப்பம் 1860இல். இலண்டனின் ஹாலோவே பகுதியில் மேரி டீல்பி என்ற அம்மையார், தெருவில் பட்டினி கிடக்கும் நாய்களை எடுத்துவந்து வைக்க ஓர் இடம் தொடங்கினார். அவர் அதற்குக் கென்னல் என்று பெயரிடவில்லை. தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்று பொருள்படப் பெயர் வைத்தார். இல்லம் என்ற சொல்தான் பலரை உறுத்தியது. மனிதர்களுக்கே இல்லம் இல்லாத நகரத்தில் நாய்க்கு இல்லமா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' இதழ் 1862இல் வேறுவிதமாகப் பார்த்தது. இஸ்லிங்டனில் நடந்த பகட்டான கண்காட்சியையும் ஹாலோவேயில் இருந்த எலும்பும் தோலுமான நாய்களையும் இரண்டு கண்காட்சிகள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து அது ஒரு கட்டுரை வெளியிட்டது. 1871இல் அந்த இல்லம் பாட்டர்சீக்கு இடம் பெயர்ந்து இன்றும் அங்கேயே இருக்கிறது. 'தற்காலிக' என்ற சொல்லை டீல்பி அம்மையார் தெரிந்தே போட்டிருப்பார் என்று எனக்குப் படுகிறது. உரியவர் வரும்வரை, அல்லது புதியவர் வரும்வரை. அந்த நேர்மை நம் காலத்துப் பெயர்ப்பலகைகளில் குறைவு. அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

பிற மொழிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். இத்தாலியர் 'கனிலே'யை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஊராட்சி நடத்தும் நாய் அடைப்பிடத்துக்கு அதுதான் பெயர். பிரெஞ்சுக்காரர் கூட்டமாக வைக்கும் இடத்துக்கு 'ஷெனில்' என்றும், வீட்டு முற்றத்தில் ஒற்றை நாய்க்குப் போடும் சிறு கூட்டுக்கு 'நீஷ்' என்றும் பிரித்துச் சொல்வார்கள். சுவரில் சிலை வைக்கும் மாடத்துக்கும் 'நீஷ்' என்பதே பெயர். ஜெர்மானியரின் 'த்ஸ்விங்கர்' வற்புறுத்தலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது. கோட்டை மதில்களுக்கு இடைப்பட்ட வெளிக்கும் அதே பெயர். டிரெஸ்டனில் உலகப் புகழ்பெற்ற அரண்மனை ஒன்றுக்கு அந்தப் பெயர் இருப்பதால், ஜெர்மன் நாய் வளர்ப்பாளரின் முகவரி அட்டையைப் பார்த்து யாரும் மிரள வேண்டியதில்லை.

அமெரிக்கர் ஒற்றைக் கூட்டை 'டாக்ஹவுஸ்' என்பார்கள். ஆங்கிலேயர் அதையும் கென்னல் என்பார்கள், பலவற்றைச் சேர்த்து நடத்தும் இடத்தைப் பன்மையில் 'கென்னல்ஸ்' என்பார்கள். மனைவியின் கோபத்துக்கு ஆளான கணவன் நாய்வீட்டில் இருப்பதாகச் சொல்வது அமெரிக்க வழக்கு. ஜே.எம். பேரியின் பீட்டர் பான் கதையில் இது உண்மையாகவே நடக்கிறது. குழந்தைகளுக்குத் தாதியாக இருந்த நாயைத் திரு. டார்லிங் முற்றத்தில் கட்டிப்போடுகிறார். அன்றிரவு குழந்தைகள் பறந்து போய்விடுகிறார்கள். குற்றவுணர்வில் அவர் நாயின் கூட்டுக்குள் குடியேறிவிடுகிறார். 1911இல் வந்த நாவல் வடிவத்தில் அந்தக் கூட்டோடு வண்டியேறி அலுவலகத்துக்கே போகிறார். நம் ஊரில் இப்படிப்பட்ட கணவன் திண்ணைக்குப் போவான். நாயும் அங்கேதான் இருக்கும்.

திண்ணைக்கு வந்துவிட்டோம், தமிழுக்கு வருவோம்.

நாயைக் கூப்பிடத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என்று நிகண்டு நிறையக் கிடக்கிறது. ஞமலி பூழிநாட்டு வழக்கு என்று பழைய உரையாசிரியர்கள் ஊர் பார்த்துச் சொல்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் நாயின் குட்டியைக் குருளை என்றும், பெண்நாயைப் பாட்டி என்றும் வகைப்படுத்துகிறது. பாட்டி என்ற பெயரைப் பன்றியோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

விலங்குகள் அடையும் இடங்களுக்கும் சொல் குறைவில்லை. மாட்டுக்குத் தொழுவம், கொட்டில். ஆட்டுக்குப் பட்டி; வயலில் மடக்கினால் கிடை. குதிரைக்கு லாயம், பந்தி. யானைக்குக் கூடம். கோழியைக் கவிழ்க்கப் பஞ்சாரம். புறாவுக்கு மாடம். நாய்க்கு? நாய்க்கூடு, நாய்க்கூண்டு, நாய்வீடு என்று கூட்டுச்சொற்கள்தான் வாயில் வருகின்றன. தொழுவம் என்றால் மாடு தானாக நினைவுக்கு வரும். லாயம் என்றால் குதிரை. நாயை அப்படி நினைவுக்குக் கொண்டுவரும் ஒற்றைச் சொல் பொதுவழக்கில் வேர்விடவில்லை. அரண்மனைகளிலும் ஜமீன்களிலும் வேட்டைநாய்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதன் பெயர் அந்த மதிலைத் தாண்டி ஊருக்குள் வரவில்லை.

இதைக் குறையாகப் பார்க்கிறவர்கள் உண்டு. தமிழன் நாயை மதிக்கவில்லை, அதனால் வீடும் தரவில்லை, சொல்லும் தரவில்லை என்பார்கள். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த பழமொழியைச் சான்றாகவும் காட்டுவார்கள். இழிவு இருந்தது, மறுக்கவில்லை. நாயே என்பது இன்றும் வசைதான். ஆனால் சொல் இல்லாததற்குக் காரணம் அது அல்ல என்பது என் எண்ணம். பன்றியை அதைவிட இழிவாகப் பேசினோம், அதை அடைக்க இடம் இருந்தது.

காரணத்தைக் கிடையில் பார்க்கலாம். அறுவடை முடிந்த வயலில் இரவு ஆட்டைப் படல் வைத்து மடக்குகிறார்கள். ஆடு படலுக்கு உள்ளே. கீதாரி ஓரமாகக் கட்டிலில். நாய் படலுக்கு வெளியே, இருட்டைப் பார்த்துப் படுத்திருக்கிறது. தொழுவத்திலும் அப்படித்தான், களத்து நெல்லிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். அடைத்து வைக்கும் ஒவ்வொன்றுக்கும் காவல் நாய். காவலை அடைத்துவிட்டால் காவல் இல்லை. தமிழ் வாழ்க்கையில் நாயின் இடம் எல்லா அடைப்புகளுக்கும் வெளிப்புறம். அதனால்தான் அடைப்பின் பெயர் அதற்குப் பொருந்தவில்லை. வாசல், திண்ணை, களத்துமேடு, சாம்பல் குவிந்த அடுப்படி என்று அதன் இடங்களுக்கெல்லாம் பெயர் உண்டு, அவை மனிதர்களோடு பொதுவான பெயர்கள். ஆங்கில நாட்டில் கூட்டமாக வேட்டைக்கு வளர்த்த நாயை, வேட்டையில்லாத நாட்களில் அடைத்தே வைக்க வேண்டியிருந்தது. கென்னல் அந்தத் தேவையில் பிறந்தது. உரோமப் பண்ணையின் காவல்நாய்க்குச் சொல் இல்லாததும் இதே காரணத்தால் இருக்கலாம்.

வீட்டுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் நாய்க்குப் பெயரும் கல்லும் கிடைத்திருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் நடுகல்லைப் பலரும் அறிவீர்கள். முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்டது, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் உருவத்துக்கு அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரைத் தனியே பொறித்து, இரண்டு கள்வரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியையும் எழுதியிருக்கிறார்கள். பல்லவப் பேரரசனின் ஆட்சியாண்டைக் குறித்த கல்லில் ஒரு நாயின் சொந்தப்பெயர். மந்தையைக் கவர வந்தவர்களை மந்தைக்கு வெளியே எதிர்கொண்டு அது பெற்ற இடம் அது.

கேரளத்துக்குப் போகும் தமிழருக்கு ஒரு சிறு வியப்பு காத்திருக்கும். அங்கே 'பட்டி' என்றாலே நாய். நாய்க்கூட்டைப் 'பட்டிக்கூடு' என்பார்கள். நமக்கோ பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம். அதிலிருந்து ஊர்ப்பெயர்கள் ஏராளம். அடைபடாமல் அயலான் பயிரை மேயும் மாட்டையும் பட்டிமாடு என்கிறோம். அடைப்பதும் அடங்காததும் ஒரே சொல்லில் எப்படி வந்தன என்று விவாதிக்க இன்னொரு சொற்பொழிவு வேண்டும். அடுத்த ஆண்டு பேசுகிறவருக்கு விட்டுவிடுகிறேன்.

கென்னல் தமிழ் நிலத்துக்கு வந்தது வேட்டைக்காரர்களோடுதான். உதகையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகள் வேட்டைக் கழகம் அமைத்து, சீமை வேட்டைநாய்களைக் கொண்டுவந்து, வென்லாக் புல்வெளியில் குதிரைமீது பாய்ந்தார்கள். சீமை நரி இல்லாததால் நம் குள்ளநரியைத் துரத்தினார்கள். அந்த நாய்களுக்குக் கென்னல் கட்டினார்கள். மலையில் குடியானவர் நாய் தோட்டத்தைக் காத்துக்கொண்டு வெளியே கிடந்திருக்கும். இவர்கள் நாய்கள் வேளைக்கு உணவோடு உள்ளே. இன்று இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று ஊரோடும் நிலத்தோடும் ஒட்டியிருந்த நாய்கள், அதன் பதிவேட்டில் இனங்களாக எழுதப்படுகின்றன. நல்லதுதான், பதிவு இல்லாத இனம் கலந்து காணாமல் போகும். ஆனால் முயல் விரட்டி மானாவாரிக் காட்டில் ஓடிய சிப்பிப்பாறையை ஆறடிக்கு நான்கடி அறையில் வைத்துவிட்டு 'கென்னல் நடத்துகிறேன்' என்று சொல்பவரிடம் இனம் மட்டும்தான் இருக்கிறது. பல நாய்களை நெருக்கி வைக்கும் இடங்களில் எளிதில் பரவும் இருமலுக்கு மருத்துவர்கள் 'கென்னல் காஃப்' என்று பெயர் வைத்திருப்பதையும் அவர் அறிந்திருப்பார்.

இனி, தமிழில் என்ன சொல்வது? ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக ஒரே சொல்லைத் தேடுவதை விட்டுவிட வேண்டும் என்பது என் பரிந்துரை. ஆங்கிலத்தில் அது ஒன்றாகக் கிடப்பது அவர்கள் வரலாற்றின் விபத்து. நாம் ஏன் அந்த விபத்தைச் சுமக்க வேண்டும்?

முற்றத்தில் ஒற்றை நாய்க்குப் போடுவது நாய்க்கூடு. கதவுக்குப் பூட்டு இருந்தால் நாய்க்கூண்டு. கூடு, கூண்டு என்ற இரண்டையும் பேச்சில் கலந்துதான் சொல்கிறோம், கிளிக்கு இரண்டும் வழங்குகின்றன. ஆனாலும் குருவிக்கூடு, தேன்கூடு ஒரு பக்கம், எலிக்கூண்டு, புலிக்கூண்டு, சாட்சிக்கூண்டு மறுபக்கம் என்று வைத்துப் பார்த்தால், விரும்பிப் புகுவதற்கும் பிறர் அடைப்பதற்கும் உள்ள வேறுபாடு காதில் விழும். அதை நழுவவிடக் கூடாது. குட்டி எடுத்து விற்பது நாய்ப்பண்ணை. அதற்கு வேறு அழகான பெயர் தேவையில்லை, தொழில் தொழிலாகவே தெரியட்டும். ஊருக்குப் போகிறவர் விட்டுச்செல்வது நாய் விடுதி.

ஐந்தாவதுதான் சிக்கல். தெருநாயைப் பிடித்து வைக்கும் இடம். முன்பு நாய்வண்டியில் ஏற்றிப் போனால் திரும்பாது. சென்னையில் புளூ கிராஸ் 1964இல் கருத்தடை வழியைத் தொடங்கிக் காட்டியது. மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுகள் ஆயின. 2001இல் நடுவண் அரசின் விதிகள் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆகவே அங்கே நாய் சில நாட்கள் மட்டும் இருக்கும். 2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களைப் பிடித்து நிரந்தரமாக அடைக்கச் சொன்னது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைத் திரும்ப விடச் சொன்னது. இரண்டு ஆணைகளைப் பற்றியும் எழுதிய நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'காப்பகம்' என்ற சொல்லையே போட்டன.

அந்தச் சொல்லின் சுமையைப் பாருங்கள். வேலைக்குப் போகும் தாய் காலையில் விட்டு மாலையில் அழைத்துப்போவது குழந்தைகள் காப்பகம். கடைசிக்காலம் முழுக்க இருப்பது முதியோர் காப்பகம். முதுமலையில் மதிலே இல்லாத காடு புலிகள் காப்பகம். அறுவை முடிந்து நான்கு நாளில் வெளியேறும் கம்பி அறையும் காப்பகம், ஆயுளுக்கும் வெளியேற முடியாத கம்பி அறையும் காப்பகம் என்றால், வாக்களிப்பவருக்கும் வரி கட்டுபவருக்கும் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று எப்படித் தெரியும்? நாய்க்கடிக்குப் பயந்து பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகும் பெற்றோரின் அச்சம் நியாயமானது. வெறிநோய் வந்தால் பிழைப்பது அரிது. அவர்களுக்குச் சொல்லும் விடை தெளிவான சொற்களில் இருக்க வேண்டும். சில நாட்களுக்கு என்றால் 'கருத்தடை மையம்' என்றே எழுதலாம். உரியவர் தேடி வரும்வரை என்றால் நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தோடு வந்து கிராமங்களில் இன்றும் மாட்டுக்கு வழங்கும் 'பவுண்டு'. ஆங்கிலத்தில் நாய்க்கும் அதுதான். ஆயுளுக்கும் என்றால் மட்டும் காப்பகம் என்று எழுதுங்கள். எழுதும்போது ஒரு நாய்க்கு எத்தனை சதுர அடி, எத்தனை ஊழியர், யார் செலவு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அகராதித் துறை நண்பர்கள் முன்வரிசையில் இருப்பதால் கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பில் கென்னல் என்ற தலைச்சொல்லுக்கு எண்ணிட்டுப் பொருள் தாருங்கள்: நாய்க்கூடு, வேட்டைநாய்த் திரள், நாய்ப்பண்ணை, பண்ணையின் பதிவுப்பெயர், நாய் விடுதி. சாக்கடையைத் தனித் தலைச்சொல்லாகப் பிரித்து, வழக்கொழிந்தது என்று குறியிடுங்கள். 'காப்பகம்' என்பதை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.